ரியூக்கானில் ஒரு வெயில் தகராறு

நார்வேயின் ரியூக்கான் சதுக்கத்தில் டிசம்பர் நடுப்பகலில் வெயில் அடிக்கிறது. அண்ணாந்தால் சூரியனைக் காணோம். வடக்கு மலைச்சரிவில், ஊருக்கு மேலே 450 மீட்டர் உயரத்தில் நிற்கும் மூன்று கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, வெளிச்சத்தைக் கீழே அனுப்புகின்றன.

செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை இந்தப் பள்ளத்தாக்கில் நேர்வெயில் படாது. டிசம்பர் 21 அன்று இங்கே பகல் சுமார் 6 மணி நேரம். உச்சிப்பொழுதிலும் சூரியன் 7 டிகிரிகூட ஏறாததால் தெற்கு மலை மறைத்துவிடுகிறது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். வெயிலைக் கண்டால் நிழல் தேடும் ஊர்க்காரனான எனக்கு, இதெல்லாம் வசதியுள்ளவர்களின் ஆடம்பரமாகவே பட்டது.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த முதியவருக்கும் அதே எண்ணம். "இந்தப் பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்திருக்கலாம். வெயில் வேண்டுமென்றால் ரோப் காரில் மேலே போகட்டும்" என்றார். ஊர்மக்கள் குளிர்காலத்தில் வெயில் காண்பதற்காக நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1928இல் கட்டிக்கொடுத்த ரோப் கார் அது.

குழந்தை வண்டியோடு நின்ற இளம்பெண் திரும்பினாள். "என் பாட்டியால் பஸ் படியே ஏற முடியாது. மார்ச் வரை அவர் காத்திருக்க வேண்டுமா?"

"நாங்கள் காத்திருந்துதானே வளர்ந்தோம்?"

"அதற்காக இவளும் காத்திருக்க வேண்டுமா?" என்று குழந்தையைக் காட்டினாள்.

எனக்காக இருவரும் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டார்கள். அவள் கேள்வி என் எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. யாரும் வெயிலை வெறுத்து இங்கே குடியேறவில்லை. அருவியின் மின்சாரத்தில் உரம் செய்ய அந்த நிறுவனம்தான் இங்கே ஊரை எழுப்பியது. ஆலைக்கு அருவி கிடைத்தது. தொழிலாளிக்கு மலைநிழல் கிடைத்தது. கண்ணாடி யோசனை 1913லேயே எழுந்தும் நிறைவேறியது 2013இல்தான்.

சித்திரை வெயிலில் நம்மூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால், வீட்டிலேயே குடித்துவிட்டு வரட்டுமே என்று யாரும் சொல்வதில்லை. பருவம் பறிப்பதை ஊர் கூடிக் கொடுக்கிறது. இங்கே விழும் வெயில் சுமார் 600 சதுர மீட்டர்தான். ஆனாலும் பொது இடத்தில் விழுகிறது. அதற்கு டிக்கெட் வேண்டாம், மலையேற வேண்டாம்.

அவள் பக்கம்தான் நியாயம் என்று முதியவரிடமே சொன்னேன். "அப்படியானால் முதியோர் இல்லம்?" என்று விடாமல் கேட்டார்.

"அதையும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கக் கூடாதா?" என்றாள் அவள். அதற்கு அவரும் தலையசைத்தார்.