புலியும் பார்க்கலாம், பணிக்கரையும் பார்க்கலாம்

திருவனந்தபுரம் போனால் பத்மநாபஸ்வாமியைத் தரிசித்து, குழந்தைகளுக்காக மிருகக்காட்சிசாலையையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதை ஒட்டிய மியூசியத் தோட்டத்திலேயே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படங்களுக்கென்று தனியாக ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. தம் படங்களை அவரே கேரள அரசுக்குக் கொடுத்தாராம். (திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.) சின்னவனை அப்பாவோடு புலி பார்க்க அனுப்பிவிட்டு நானும் பெரிய பெண்ணும் உள்ளே போனோம்.

காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்தவள், ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பி.காம். படிக்கட்டும், படமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரையலாம்" என்கிறார் இவர். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு.

அவர் இளவயதில் வரைந்த நிலக்காட்சிகளைப் பார்க்க ஒரு சிரமமுமில்லை. தென்னை, தண்ணீர், மலபார்ப் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி. பிறகு வருகிறது பாருங்கள், 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை! ஜாதகக் கட்டம் போல ஒன்று, எண்கள், முக்கோணம், பொடிப்பொடியாக மலையாள எழுத்து. தூரிகையால் வரைந்ததா, பேனாவால் எழுதியதா என்றே தெரியவில்லை.

"என்னடி எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதலைம்மா. எழுத்து மாதிரி, அவ்வளவுதான். படிக்காதே, பாரு."

பார்த்தேன். பாட்டி பெட்டியிலிருந்த பழைய ஜாதக நோட்டு ஞாபகம் வந்தது. அர்த்தம் புரியாவிட்டாலும் அதைப் பார்க்கப் பிடிக்கும் எனக்கு. ஒரு காமர்ஸ் மாணவரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பணிக்கருக்கு இந்த யோசனையே வந்ததாம். நானும் தினம் சின்னவன் நோட்டைப் பார்க்கிறேன். தப்புக் கணக்குதான் கண்ணில் படுகிறது! எல்லாப் படமும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றின் முன்னால் கால்தான் வலித்தது.

1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தித் தந்தி இலாகாவில் வேலை பார்த்து, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். 1957-ல் அங்கேயே முதல்வர். படித்து வெளியே வரும் பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கிறது. மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி போன்ற கைவேலைகளைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்களே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது அப்படித்தான்.

வெளியே வந்து இவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

"துணிக்குச் சாயம் போட்டா நிலம் வாங்கினாங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த ஃபாரத்துக்குக் கடைசித் தேதி என்னிக்கு?"

சொன்னேன். பி.காம். ஃபாரமும் பூர்த்தி செய்தபடி அலமாரியில்தான் இருக்கிறது.