கிளாடா மோதிரம்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலே, கொறிப் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், கால்வே நகருக்கு எதிர்க்கரையாகக் கிடக்கிறது கிளாடா. முன்னாளில் அது தனியானதொரு மீனவர் கிராமம். அதன் கூரைக் குடிசைகள் 1930களில் இடிக்கப்பட்டன. இன்று அங்கே வரிசை வீடுகளையும் துறையில் நீந்தும் அன்னங்களையுமே காணலாம். எனினும் ஊரின் பெயர் ஒரு மோதிரத்திலே நிலைத்துவிட்டது.

முடிசூடிய இருதயத்தை இரு கைகள் ஏந்தும் மோதிரம் அது. வலக்கையில் அணியும்போது இருதயத்தின் கூர் விரல்நுனியை நோக்கினால், அணிந்தவள் மனம் எவர்க்கும் உரியதன்று. மணிக்கட்டை நோக்கினால் உரியதாயிற்று. வாய்திறவாமலே செய்தி சொல்லும் இவ்வேற்பாடு எத்துணை நயமானது! தாயிடமிருந்து மகளுக்கு அது செல்வது வழக்கம்.

துறையோரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தியிடம் அதுபற்றி வினவினேன். தாயின் மோதிரம் மூத்தவளான தனக்கே வந்ததாம். பொஸ்டனுக்குச் சென்ற தங்கை அதன்பொருட்டு மனங்கசந்து, பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிதமே எழுதவில்லையாம்.

"அவள் மகளுக்குத் திருமணம் என்று கேள்வியுற்றேன். மோதிரத்தை அனுப்பிவிட்டேன்."

"பதில் வந்ததா?"

"இல்லை. சென்ற வாரம் அவளே வந்திறங்கினாள்."

மூதாட்டியின் விரலிலே மோதிரம் கிடந்த தடம் இன்னும் வெளுத்திருந்தது.