காட்டோரத்தில் ஒரு ரியர்ஹைம்

எங்கள் சின்ன மகள் மூன்று மாதமாக ஒரே நச்சரிப்பு. "அப்பா, ஒரு கினிப்பன்றி வாங்கித் தாங்கோ." கூடப் படிக்கும் சுவிஸ் பிள்ளையின் வீட்டில் கண்டுவிட்டாளாம். கடைக்குப் போகாமல் ரியர்ஹைமில் கேட்டுப் பார் என்று வேலைத்தலத்தில் ஒரு போர்த்துக்கேய நண்பர் சொன்னார். தொலைந்ததும் கைவிடப்பட்டதுமான விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் இடம் அது.

வெள்ளி இரவு வேலை முடித்து, இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பி, மகளுடன் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் ஏறினேன். ஆர்கவ் மாநிலத்தில் நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து அரை மணித்தியாலம். கடைசித் தரிப்பில் இறங்கினால் சோளக் காணி. அதற்கப்பால் காட்டோரமாக ஒரு பழைய பண்ணை வீடு. குரைப்புச் சத்தம் கேட்டதும் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். மற்றவர்கள் சும்மா வந்து உதவுகிறவர்கள். விடிய முதல் வேலை கூடுகளைக் கழுவுவது. பிறகு சாப்பாடு, மருந்து, நாய்களை நடத்திக்கொண்டு போவது. புதிதாக வந்த பூனைகளுக்குத் தனி அறை, நோய் பரவாமல் இருக்க. செலவுக்கு நன்கொடையும், விடுமுறைக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை விட்டுச் செல்லக் கொடுக்கும் காசும்தான். ஆகஸ்ட் 1ஆம் திகதி வாணவெடிக்குப் பயந்து ஓடிவந்த நாய்களும் இங்கே வருமாம். 2007 முதல் எல்லா நாய்க்கும் தோலுக்குள் இலக்கச் சில்லு கட்டாயம் என்பதால் வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது சுகம். இரண்டு மாதத்துள் ஒருவரும் தேடி வராவிட்டால் பழைய சொந்தக்காரரின் உரிமை போய்விடும். ஆகவே தெருவில் நிற்கும் பூனையைப் பாவம் பார்த்து வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். அறிவிக்க வேண்டும்.

கினிப்பன்றி ஒன்று கேட்டோம். அந்தப் பெண் மாட்டேன் என்றார். அது கூட்டமாக வாழும் பிராணி. தனியே வளர்க்கக்கூடாது என்று 2008 முதல் சட்டம். பிறகு கேள்விகள்: வாடகை ஒப்பந்தத்தில் அனுமதி உண்டா? கூடு எவ்வளவு பெரிது? ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? எனக்கு எனது அகதி விசாரணைதான் ஞாபகம் வந்தது.

கடைசிக் கூட்டில் ஒரு கிழட்டு மண்ணிற நாய். அதன் எசமான் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். விலங்கை ஒப்படைக்கிறவர்கள் நிரப்பும் படிவத்தில் 'காரணம்' என்று ஓர் இடம் இருக்கிறது. வீடு மாறுதல், ஒவ்வாமை, விவாகரத்து என்றெல்லாம் எழுதுவார்களாம்.

"உங்களிடம் நாய் இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது. பெயர் வீமன். 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கமிருந்து வெளிக்கிட்டபோது கயிற்றை அவிழ்த்துவிட்டு, பானையில் மிஞ்சிய சோற்றைக் கொட்டிவிட்டு வந்தோம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மதகு வரைக்கும் ஓடி வந்தது. அதையெல்லாம் சொல்ல எனக்கு மொழி காணாது. "போர்" என்ற ஒரு சொல்லை மட்டும் அவர்களின் மொழியில் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அந்தக் கிழட்டு நாயின் வாரை எடுத்து என் கையில் தந்தார்.

மகளுக்கு இரண்டு கினிப்பன்றி கிடைத்தது, இரண்டு கிழமை கழித்து, கூட்டின் படத்தைக் காட்டிய பிறகு. நான் இப்போது சனிக்கிழமைகளில் போய் அந்த நாயை நடத்துகிறேன். நாய் வளர்க்க நினைப்பவர்கள் நகரசபைக்கு வருடா வருடம் வரி கட்ட வேண்டும். பெரிய நாயென்றால் பஸ்ஸிலும் அதற்கு ரிக்கற் எடுக்க வேண்டும். நடத்த மட்டும் போகிறவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. பழைய சப்பாத்தோடு போங்கள். மழை பெய்தால் அந்தப் பாதை முழுக்கச் சேறு.