லொட்ஜ்

சிங்கராஜ வனத்தின் குடாவ வாசலுக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து புறப்படும் காலை. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மகள் படியில் குந்தியிருந்து காலுறைக்குள் அட்டை தேடினாள். நான் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, புத்தகத்திலை எங்கட பேர் எழுதிப்போட்டினமோ?"

"ஓம் அம்மா. வந்த அண்டைக்கே எழுதினது."

"மூண்டு பேரின்ரையும்?"

"மூண்டு பேரின்ரையும்."

"பொலிசுக்குக் கொப்பி போயிருக்குமோ?"

லொட்ஜ்காரர் வயதான சிங்களவர். அம்மா என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் என்னிடம் விசாரித்தார். இடம் நன்றாகப் பிடித்திருக்கிறதாம் என்றேன். அது பொய்யில்லை. அவர் உள்ளே போய் ஒரு போத்தல் கித்துள் பாணி கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, என் பெயரில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் ஜீப்பில் ஏறினார்.

இரண்டு நாட்கள் காட்டில் அம்மா எங்களைவிட உற்சாகமாக நடந்தார். "அந்த நாளையிலை அடையாள அட்டைக்குப் பயந்தம், இப்ப இந்த அட்டைக்கு" என்று சிரித்தார். நாங்கள் நடந்த அகலமான பாதை, மரம் ஏற்ற வந்த லொறிகளுக்காக வெட்டிய ரோட்டு என்று வழிகாட்டி சொன்னார். 1970களில் பிளைவுட்டுக்காக இந்தக் காட்டைத் தறித்திருக்கிறார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1977இல் தறிப்பது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பல இனக் குருவிகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுவதையும் காட்டினார். கூட்டத்தில் கரிக்குருவி ஒன்று இருக்கும், பருந்தைக் கண்டால் முதலில் கத்துவது அதுதான் என்றார். மகள் அதையெல்லாம் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

வெத்தாகலயில் வாடகை வான் காத்திருந்தது. கொழும்புக்கு நாலு மணித்தியாலம். கலவானையைத் தாண்டும்போது மகள் என் காதுக்குள் கேட்டாள்.

"அப்பம்மா ஏன் பொலிஸ் எண்டு கேட்டவா?"

ஒஷாவாவில் பிறந்த பிள்ளைக்கு லொட்ஜ் என்றால் காடு, ஏரி, கோடை விடுமுறை. எங்களுக்கு அந்தச் சொல் கொழும்பில் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போக விசாவுக்கோ ஏஜென்சிக்காரருக்கோ காத்திருந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாதக்கணக்கில் கிடந்த அறைகள்தான் எங்கள் லொட்ஜ்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு சோதனைகள் இறுகின. அடுத்த வருடம் வவுனியாவில் பாஸ் எடுத்து அம்மாவும் நானும் கொழும்பு வந்தோம். அப்பா கனடாவில் இருந்தார். எனக்குப் பதினாறு வயது. அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பொலிஸ் பதிவுப் படிவம் ஒன்றுதான் எங்களுக்குச் சாட்சி. ஒரு சுற்றிவளைப்பு இரவில் என்னைக் கொண்டுபோனார்கள். படிவத்தில் என் பெயர் இல்லை. லொட்ஜ் மனேஜர் எழுத மறந்துவிட்டார் என்று நான் நம்பினேன். பிறகு கனடா, பல்கலைக்கழகம், முதுகலை, வேலை என்று காலம் ஓடிவிட்டது. நிறுவனங்களின் ஆட்பதிவேடுகளைச் சீர்செய்து, யாருக்கு எந்தக் கதவு திறக்கலாம் என்று அட்டவணை போடுவதுதான் என் தொழில். பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரைக் கண்டால் இன்றைக்கும் அந்த மனேஜரை நினைத்துக்கொள்வேன்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது, அம்மா ஒஷாவாவில் தொலைக்காட்சிக்கு முன்னால் அசையாமல் இருந்தார். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அம்மா மட்டும் ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய பயம் என்று விட்டுவிட்டேன்.

மகளுக்கு என்ன சொல்வது, எந்த அளவுக்குச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, முன் சீற்றிலிருந்து அம்மாவே பேசத் தொடங்கினார். திரும்பிப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி.

"மனேஜர் எழுதத்தான் வந்தவர் பிள்ளை. நான்தான் வேண்டாமெண்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வன்னியிலை பேர் எழுதிக்கொண்டு போனால், பிறகு பிள்ளையைக் கேட்டு வருவினம். இஞ்சையும் பேர் எழுதினால் ஆளைத் தேடி வருவாங்கள் எண்டு நினைச்சன். என்ரை பேரை மட்டும் போடுங்கோ, தம்பி நாளைக்குப் போயிடுவான் எண்டு பொய் சொன்னனான். கடைசியிலை பேர் இல்லாததுக்காகக் கொண்டுபோனாங்கள்."

சிங்களச் சாரதி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

"அப்பா எத்தினை நாள் உள்ளுக்கை இருந்தவர்?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு இரவு," என்றார் அம்மா. "நான் வெளியிலை ரோட்டிலை இருந்தனான்."

கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என் பிறந்தநாளுக்கு எல்லாம் அம்மா கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்கிறார். அர்ச்சனையில் ஐயர் என் பெயரைச் சொல்லும்போது அம்மா ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. "பரவாயில்லை அம்மா" என்று சொல்ல வாய் வந்தது. பதினாறு வயதில் அந்த இரண்டு இரவும் எனக்குப் பரவாயில்லாமல் இருக்கவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். அதனால் சொல்லவில்லை. கையை நீட்டி அவரின் தோளில் வைத்தேன். இரத்தினபுரியில் களு கங்கைப் பாலம் வரும்வரை எடுக்கவில்லை.

அவிசாவளையில் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு கடைகளும் விளம்பரப் பலகைகளும் விடாமல் தொடர்ந்தன. எங்கே ஊர்கள் முடிந்து கொழும்பு தொடங்கியது என்று தெரியவில்லை. பழைய லொட்ஜ் இருந்த தெருவுக்குப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார் அம்மா.

வெள்ளவத்தையில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்த பெண் கடவுச்சீட்டுகளைக் கேட்டாள். அம்மா என் கையிலிருந்து மூன்றையும் வாங்கி, என்னுடையதை மேலே வைத்துக் கொடுத்தார். நிரப்ப ஒரு படிவம் தந்தார்கள். அதை மகளிடம் தள்ளினார்.

"அப்பான்ரை பேரை முதல் எழுது பிள்ளை," என்றார். "முழுப் பேரையும் எழுது."