மூச்சு விட்ட கதை

"இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படி மூச்சு விடாமல் நான் வைத்திருந்த ஒரு செய்தியை, மலர் ஆசிரியரின் நச்சரிப்பினால் இன்று எழுத வந்திருக்கிறேன். செய்தியும் மூச்சைப் பற்றியதுதான்.

சென்ற ஜனவரியில் ஓர் இரவு. வடநாட்டுக் குளிர் நம்மவரை என்ன பாடு படுத்தும் என்பதை அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. வங்காள நண்பர் ஒருவரின் அறைக்குப் போயிருந்தேன். ஹோமியோபதி வைத்தியத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. நான் புறப்படும் நேரத்தில் ஒரு புட்டியைத் திறந்து என் நாவில் பத்துச் சொட்டு விட்டார். சுரீரென்று எரிந்தது. நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

முதல் நாற்சந்தியிலேயே போலீசார் வழி மறித்தார்கள். ஒரு கருவியை நீட்டி ஊதச் சொன்னார்கள். மதுவை முகர்ந்தும் பாராத நான், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாணவனைப் போல உற்சாகமாக ஊதினேன். கருவி 74 என்றது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் அதைத் திருத்திய பிறகு, முதல் குற்றத்திற்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் முகம் போன போக்கை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

நிற்க. நான் இந்தக் கருவிக்கு விரோதியல்லன். என் பெரியப்பா மகனை 2016இல் ஒரு லாரி மோதிக் கொன்றது. ஓட்டியவன் தள்ளாடினான், அவன் மேல் சாராய வாடை அடித்தது என்று கண்டவர் பலர். ஆனால் அன்றிரவு அவனை யாரும் ஊதச் சொல்லவில்லை, இரத்தமும் எடுக்கவில்லை. குடிபோதைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. வாடையையும் தள்ளாட்டத்தையும் குழறிய பேச்சையும் மட்டும் கொண்டு ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட இயலாது என்று உச்சநீதிமன்றம் 1971இலேயே சொல்லியிருக்கிறது. "ஒரு தரம் ஊதச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பெரியம்மா இன்றும் கேட்கிறார். ஆகவே ஊதச் சொல்லும் போலீசாரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகும். அன்று வரை அப்படித்தான்.

நான் ரசாயனம் படிப்பவன். குழப்பம் தெளிந்ததும் காரணம் புரிந்தது. குடித்த ஆல்கஹால் இரத்தத்தில் கலந்து, நுரையீரலின் ஆழத்தில் ஒரு சிறு பங்கு காற்றோடு சேர்கிறது. 2100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது இத்தகைய கருவிகளின் வழக்கமான கணக்கு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954இல் செய்த கருவியில், பொட்டாசியம் டைக்ரோமேட்டின் மஞ்சள் நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அளந்தார்கள். இன்றைய கைக்கருவிகள் பலவற்றில் ஆல்கஹால் பிளாட்டினத் தகட்டின் மேல் ஆக்சிகரணம் அடைகிறது. அப்போது பிறக்கும் மின்னோட்டமே அளவாகிறது.

இதெல்லாம் சரியான விஞ்ஞானம். ஆனால் வந்த ஆல்கஹால் நுரையீரலிலிருந்து வந்ததா, நாக்கிலிருந்து வந்ததா என்று தகட்டுக்குத் தெரியாது. ஹோமியோபதிச் சொட்டு மருந்துகள் பல ஆல்கஹாலில் கரைத்தவை. வாய் கொப்புளிக்கும் மருந்துகள் சிலவற்றிலும் அது உண்டு. வாயில் தங்கியது கால் மணி நேரத்தில் போய்விடும். அதனால்தான் பதினைந்து நிமிஷமாவது காத்திருந்து மறுபடி ஊதச் சொல்வது நல்ல முறை.

இதை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். பல்கலைக்கழக அடையாளச் சீட்டையும் காட்டினேன். அவர் நல்ல மனிதர்; ஓரமாக நிற்கச் சொன்னார். அங்கே போலீசார் மூட்டியிருந்த நெருப்பருகில் ஒருவர் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டுபவர், என் தந்தையின் வயதிருக்கும். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்குக் காட்டிய அளவு 34. "இருமல் மருந்துதான் குடித்தேன், பேட்டா" என்றார். போலீசாரிடமும் அதையே சொன்னாராம், சிரித்தார்களாம்.

இருபது நிமிஷம் கழித்து நான் ஊதினேன். பூஜ்யம். அதிகாரி என் தோளில் தட்டி அனுப்பினார். ஆட்டோக்காரரை யாரும் மறுபடி ஊதச் சொல்லவில்லை.

அவர் குடித்திருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 2100 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண்ணன்று என்பது தெரியும். பெரும்பாலோருக்கு அது இன்னும் கூடுதல். அவர்களுக்குக் கருவி குறைத்தே காட்டும். சிலருக்குக் குறைவு. ஒருவருக்கு அது 1800ஆக இருந்தால், கருவி 34 காட்டும்போது அவர் இரத்தத்தில் இருப்பது 29 தான், அவர் குற்றவாளியல்லர். 2400ஆக இருந்தால் 39, சந்தேகமில்லாமல் குற்றவாளி. எல்லையை ஒட்டி நிற்கும் எண்ணுக்கு இரத்தப் பரிசோதனையே தகுந்த விடை. அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் எழுதியிருக்கிறது.

இவ்வளவும் அன்று எனக்குத் தெரியும். "இவரையும் இன்னொரு தரம் ஊதச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூஜ்யம் காட்டிய தைரியம் அதற்குப் போதவில்லை. "அவர்களிடம் நீ என்ன சொன்னாய், பேட்டா?" என்று அவர் கேட்டார். "மருந்து என்றேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

கருவியை நம்பலாமா என்று விடுதியில் கேட்கிறார்கள். நம்பலாம், காத்திருந்து, இரு முறை ஊத வைத்து, ஐயமிருந்தால் இரத்தமும் பார்த்தால் தாராளமாக நம்பலாம். அந்தப் பதினைந்து நிமிஷம் ஆங்கிலம் பேசுபவருக்கு மட்டும் கிடைக்கிற சலுகையாக இருக்கக் கூடாது. பெரியப்பா வீட்டுக்கு ஒரு முறை ஊதாததால் நியாயம் கிடைக்கவில்லை. ஆட்டோக்காரருக்கு இரண்டாம் முறை ஊத விடாததால் கிடைக்காமல் போயிருக்கலாம்.

அன்பர்களே, நீங்கள் அப்படி ஓரிடத்தில் நிற்க நேர்ந்தால், உங்களுக்காக வாதாடி முடித்தவுடன் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்காகவும் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.