புறூஸ் லீயும் இரும்புக் குண்டும்

வீரன் ஒருவனைக் கண்டு வியப்பது இளமைக்கு இயல்பு. அவனைப் போலத் தானும் ஆகவேண்டுமென விரும்புவதும் இயல்பே. ஆயினும் அவனிடம் நம் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது என்று ஆராய்ந்த பின்னரே அவனைப் பின்பற்றுதல் தகும். அண்மையில் என் மாணவர் சிலர், புறூஸ் லீயின் பெயரால் வழங்கும் கெற்றில்பெல் பயிற்சியொன்றைப் பற்றி என்னிடம் வினவினர். "சேர், 24 கிலோக் குண்டை ஆறு மாதம் வீசினால் எங்களுக்கும் அப்படி உடம்பு வருமா?" என்றார் ஒருவர். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கெற்றில்பெல் என்பது, கேத்திலின் பிடி போல வளைந்த கைப்பிடியுடைய வார்ப்பிரும்புக் குண்டு. ருஷ்யர் இதனைக் 'கீர்யா' என்பர். முன்னாளில் அந்நாட்டுச் சந்தைகளில் தானியம் நிறுக்கும் படிக்கல்லாக இருந்தது. அதனைத் தூக்கி வலிமை காட்டும் வழக்கம் பின்னர் உண்டாயிற்று. 'பூட்' என்பது அவர்களுடைய பழைய நிறுத்தலளவை. ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று மேற்பட்டது. இன்றும் 16, 24, 32 கிலோ எனக் குண்டுகள் வார்க்கப்படுவது, ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்ற அப்பழைய கணக்கின் எச்சமேயாம்.

லீயின் பயிற்சியிற் பெரிதும் இடம்பெற்றவை பார்பெல், டம்பெல், கயிறடித்தல், ஓட்டம் ஆகியன. எனினும் இக்குண்டுப் பயிற்சிக்கும் அவர் கலைக்கும் உண்மையான ஓர் உறவுண்டு. 1964இல் அமெரிக்காவின் லோங் பீச் நகரில் நடந்த கராத்தே விழாவில், ஓர் அங்குல இடைவெளியிலிருந்து குத்தி, எதிரே நின்றவரைப் பின்னே தள்ளிக் காட்டினார் அவர். கை ஓர் அங்குலம் நகர்வதற்குள் அத்துணை வலு எங்கிருந்து வந்தது? நிலத்தை ஊன்றிய காலிலிருந்தும், திரும்பிய இடுப்பிலிருந்தும் வந்தது. கெற்றில்பெல் வீச்சின் நுட்பமும் இதுவே. முதுகை நேராக வைத்து, முழங்காலைச் சிறிதே மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளிக் குண்டைக் கால்களுக்கிடையே செல்லவிட வேண்டும். பின்னர் இடுப்பைச் சட்டென முன்னே நிமிர்த்தினால் குண்டு நெஞ்சளவு எழும். கையின் வேலை, கயிறு போலக் குண்டைத் தாங்குவது மட்டுமே.

நாற்பதைக் கடந்த நான், நாளெல்லாம் நின்று கற்பித்தும் இரவிற் குனிந்து விடைத்தாள் திருத்தியும் இறுகிய முதுகோடு, 8 கிலோக் குண்டொன்றையே கையாளுகின்றேன். பத்து வீச்சு, சிறிது ஓய்வு. இவ்வாறு ஐந்து முறை. உடலைச் சூடேற்றும் அசைவுகளோடு சேர்த்துக் கால் மணி நேரமே செல்லும். மாலையில் முதுகு முன்போல் முறையிடுவதில்லை.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கவும் எழவும் வருந்துவதைக் கண்டு, தனியே அழைத்து விசாரித்தேன். பாரம் தூக்கியபோது இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். ஒரு மாதமாக வீட்டாருக்குச் சொல்லவில்லையாம். "புறூஸ் லீ நோகுதென்று சொல்லியிருப்பாரா, சேர்?" என்றார்.

அவருக்கு நான் கூறியது இது. 1970இல் ஒருநாள், உடலைச் சூடேற்றாமலே, ஏறத்தாழத் தம் உடல் நிறையளவு பாரத்தைத் தோளில் ஏற்றிக் குனிந்து நிமிர்ந்தார் லீ. முதுகின் அடிப்புற நரம்பு ஊறுபட்டது. இனிக் காலால் உதைக்கும் கலை அவருக்கு ஆகாதென வைத்தியர் கூறினர். அப்பொழுது அவருக்கு வயது 29. இரு குழந்தைகளின் தந்தை. நோவை மறைத்துக்கொண்டு மறுநாளும் பாரம் தூக்க அவர் முனையவில்லை. பல மாதம் ஓய்வில் இருந்தார், படித்தார், போர்க்கலை பற்றிக் குறிப்புகள் எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1975இல், அக்குறிப்புகளிற் பல நூலாக வெளிவந்தன. சிறிது சிறிதாகவே அவர் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். உலகம் வியந்த அவருடைய குங்பூப் படங்கள் யாவும் அவ்விபத்துக்குப் பின், 1971 முதல் 1973 வரை எடுக்கப்பட்டவை. முதுகு நோவும் அவரை முற்றாக விட்டகலவில்லை.

இதனைக் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசவில்லை. அன்று மாலையே தாயாரிடம் சொன்னார், வைத்தியரிடம் சென்றார். சில மாதம் ஓய்ந்திருந்து, இப்பொழுது மீண்டும் விளையாடுகின்றார்.

குண்டைக் கையில் எடுக்குமுன், நீண்ட தடியொன்றை முதுகோடு சேர்த்துப் பிடித்து, இடுப்பை மட்டும் மடித்துக் குனியப் பழகுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகின் அடி ஆகிய மூன்றிடத்திலும் தடி ஒட்டியிருந்தால் அசைவு சரி. அது கைவந்த பின், எளிதில் ஆளக்கூடிய குண்டை, அறிந்த ஒருவர் பார்த்திருக்க, எடுங்கள். தசையின் களைப்பு ஓரிரு நாளில் தீரும். மூட்டிலோ முதுகிலோ குத்தும் நோவு நிறுத்தச் சொல்லும் கட்டளை. பெற்றோரே, பிள்ளை எத்தனை கிலோ தூக்கினான் என்று கேட்பதோடு, எங்கேனும் நோகின்றதா என்றும் கேளுங்கள். கேட்பார் இருந்தால் பிள்ளைகள் மறைக்கமாட்டார்கள்.