எம்டனும் கட்டுமரமும்

குறும்புக்காரப் பேரன் ஒருவன், நாலு பெரியவர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பலகாரத் தட்டோடு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "சரியான எம்டன்!" என்பாள் பாட்டி. அந்த ஒரு சொல்லில் கோபம் கால் பங்கு. பெருமை முக்கால் பங்கு. எம்டன் என்பது ஒரு ஜெர்மானிய யுத்தக் கப்பலின் பெயர் என்று பாட்டி அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கப்பல் அழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் நமது அடுப்பங்கரையில் பத்திரமாக இருக்கிறது.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு அந்தக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பிறகு வந்த வழியே இருட்டில் மறைந்துவிட்டது. பட்டணத்து ஜனங்களில் பலர் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். அதன் தலைவர் கார்ல் பான் முல்லர், மூன்று புகைபோக்கி உள்ள தம் கப்பலுக்குப் பொய்யாக நாலாவது ஒன்றைக் கட்டிவைத்து, ஆங்கிலக் கப்பல் என்று எண்ணும்படி செய்தவர். ஆனால் பிடித்த வியாபாரக் கப்பல்களின் மாலுமிகளை இறக்கிக் கரை சேர வழி செய்துவிட்டே கப்பலை முழுகடிப்பார். எதிரிகளே அவரை மெச்சினார்கள். அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான ஸிட்னி, எம்டனின் கதையை முடித்தது.

யாராலும் அசைக்க முடியாதது என்று நாம் நம்பவைக்கப்பட்டிருந்த ஸாம்ராஜ்யத்தின் வாசலிலேயே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன கப்பல் அது. அடிமைப்பட்ட ஜனங்கள் அதை வாய்விட்டுப் புகழ முடியுமா? ஆகையால் ஒரு செல்ல வசைக்குள் அந்தப் புகழை ஒளித்து வைத்தார்கள். மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் மிகப் பெரியது என்று அர்த்தமாகிவிட்டது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று பெயரிட்டிருந்த ஒரு சினிமாப் படம், தமிழ்ப் பெயருக்குக் கிடைக்கும் வரிச் சலுகையை உத்தேசித்து 'எம் மகன்' ஆயிற்று. நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால், எம்டன் தமிழ்ச் சொல் அல்லவென்று ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இத்தகைய சொற்களில் நமக்குத் தனிப்பட்ட பாத்தியம் உண்டு. பாகூர்ப் பகுதியைச் சேர்ந்த நமது சோரியாங்குப்பம் பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கடலூர். அந்தப் பக்கம் ஆங்கிலேயர், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் என்று இரு சாராரும் வெகு காலம் சண்டையிட்ட சீமை இது. 1690-ல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரையில் தங்களுக்குச் சொந்தம் என்று கொண்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்க் குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

1752-ல் பாகூரிலேயே இரு படைகளும் மோதின. 1783-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி கடலூருக்கு எதிரே கடலில் நடந்த போரில், பிரெஞ்சுத் தளபதி ஸுப்ரேனுக்கு ஆள் போதவில்லை. கடலூரைக் காத்துநின்ற சேனையிலிருந்து சுமார் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் நமது நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஐரோப்பாவில் சமாதானத்துக்கு அதற்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது; செய்திதான் இங்கே வந்து சேரவில்லை. ஸுப்ரேனின் பெயரை இன்றும் ஒரு பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் தாங்கியிருக்கிறது. முடிந்துபோன சண்டைக்காக அன்று மேல்தளத்தில் மடிந்த சிப்பாய்களின் பெயரைத் தாங்கிய கப்பல் எதுவும் இல்லை. பிற்காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சென்று மீண்டவர்களுக்குப் புதுச்சேரிச் சீமையில் 'சொல்தா' என்று பெயர். முதல் மகா யுத்தத்தில் மாண்டவர்களுக்காக 1938-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னம் புதுவைக் கடற்கரையில் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் போன பிறகும் சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்ற பேச்சு நிற்கவில்லை.

வந்த சொற்கள் இவை. போன சொற்களும் உண்டு. கட்டுமரம் என்ற நமது பரதவர் சொல்லை ஆங்கில மாலுமிகள் 'கட்டமரான்' ஆக்கினார்கள். 1804-ம் வருஷம் அக்டோபரில், நெப்போலியன் பூலோன் துறையில் சேர்த்து வைத்திருந்த படகுகளைத் தகர்ப்பதற்காக, அமெரிக்கரான புல்டன் வகுத்த யோசனைப்படி வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அந்தப் பெட்டிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் கட்டமரான்! அவற்றால் பெரிய சேதம் விளையவில்லை என்பது வேறு விஷயம். சண்டைக்காரப் பெண்பிள்ளையையும் ஆங்கிலக் கொச்சையில் கட்டமரான் என்றே சொன்னார்கள். நம் கடற்கரைத் தோணிக்குத் தலைவனான 'தண்டல்', ஐரோப்பியர் கப்பலில் 'டிண்டல்' ஆனான். அங்கே அவன் செராங்குக்கு அடுத்த படியில் நிற்கவேண்டியவன். சொல் கப்பல் ஏறியது. கௌரவம் கரையில் நின்றுவிட்டது.

மாலுமிகள் ஏன் இப்படிப் பெயர் வைத்து விளையாடுகிறார்கள்? மாதக் கணக்கில் கரை தெரியாத இடத்தில், சாவை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்குச் சிரிப்பதற்கும் கொஞ்சுவதற்கும் ஏதாவது வேண்டியிருக்கிறது. கப்பல்களில் பூனையும் நாயும் வளர்ப்பது இதனால்தான். எம்டனோடு பிறந்த கப்பல் டிரெஸ்டன். 1915-ம் வருஷம் மார்ச் மாதம் அது முழுகியபோது, அதிலிருந்த பன்றி ஒன்று நீந்தி வந்தது. கிளாஸ்கோ என்ற ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் அதைக் கரையேற்றி, ஜெர்மானியக் கடற்படை மந்திரியின் பெயரான 'டிர்பிட்ஸ்' என்று பெயர் சூட்டி, எல்லாரும் விட்டுப்போன பிறகும் கப்பலில் நின்ற வீரத்துக்காக ஓர் இரும்புச் சிலுவையையும் அளித்தார்கள்! எதிரியைப் பரிகாசம் செய்ய வேண்டும். எதிரியின் பிராணியைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டும் ஒரே பெயரில் முடிந்தன.

தென்னாப்பிரிக்காவில் ஸைமன்ஸ் டவுன் துறையில் ஒரு பெரிய நாய் இருந்தது. மாலுமிகளோடு டிக்கெட் இல்லாமல் ரெயிலில் போய்க்கொண்டிருந்ததற்கு ரெயில்வேக்காரர் ஆட்சேபித்தனர். உடனே 1939-ல் அதைக் கடற்படையிலேயே முறைப்படி சேர்த்துவிட்டார்கள். பதிவேட்டில் அதன் தொழில் 'எலும்பு நொறுக்குதல்'. 1944-ல் அது இறந்தபோது ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு ஒரு நினைவு வந்து சிரிப்பை நிறுத்துகிறது. நாயைப் பதிவேட்டில் ஏற்றி மரியாதை செய்த அதே கடற்படை மரபு, இந்திய மாலுமியை எப்படி அழைத்தது? பம்பாயில் 'தல்வார்' என்ற ஸிக்னல் பயிற்சி நிலையத்தில், அதன் தலைமை அதிகாரி நம் இளைஞர்களைக் 'கூலிகளின் பிள்ளைகள்' என்று ஏசினார். சோறும் வாயில் வைக்கத் தகாததாயிருந்தது. 1946-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி அவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். ஐந்தே நாட்களில் 78 கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அந்தக் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்டுக் கொடிகள் ஒருங்கே பறந்தன. ராயல் என்ற சொல்லைத் தள்ளிவிட்டு, 'இந்திய தேசியக் கடற்படை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிப்ரவரி 23-ந் தேதி, தலைவர்களின் புத்திமதியை ஏற்றுக் கிளர்ச்சியை நிறுத்தினார்கள். சோற்றில் கிடந்த கல்லைவிட அந்த வசவு அதிகமாகக் கடித்தது என்றே நாம் எண்ணுகிறோம். பட்டப்பெயர் என்பது உரிமையுள்ளவன் வாயில் செல்லம். மேலே ஏறி நிற்பவன் வாயில் சவுக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் வைக்கும் உரிமை நம் கைக்கு வந்தது. ஆற்று முகத்துவாரப் போரில் 1939-ல் ஜெர்மானியக் கப்பலொன்றைத் துரத்திய 'அக்கிலிஸ்', 1948-ல் நமது 'டில்லி' ஆயிற்று. எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்று தமிழ்நாட்டில் ஒரு பேச்சு உண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. ஆனால் 1934-ல் பெர்லினில் காலமான அந்தத் தேசபக்தரின் அஸ்தியை 1966-ல் தாய்நாட்டுக் கடலில் சுமந்து வந்தது அந்த டில்லிதான். அரக்கோணத்தில் 1992-ல் திறந்த கடற்படை விமான நிலையத்துக்கு 'ராஜாளி' என்றும், உச்சிப்புளியில் 2009-ல் திறந்ததற்குப் 'பருந்து' என்றும் பெயர். தரைப்படையிலே மதராஸ் ரெஜிமெண்டு வீரர்களைத் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். கூலியின் பிள்ளை என்று கேட்ட காதுகள் தம்பி என்று கேட்பதற்கு எவ்வளவு ரத்தம் சிந்த வேண்டியிருந்தது!

பட்டாளம் தன் மரபுகளைப் பதிவேட்டில் எழுதிக் காப்பாற்றிக்கொள்ளும். அதைப்பற்றி நமக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் கரையில் உள்ள சொற்களைப் பற்றியே. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். வடக்கே வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல் என்றெல்லாம் நம் கடலோடிகள் பேசிய சொற்களை, இயந்திரப் படகில் போகும் இளைஞரில் எத்தனை பேர் அறிவார்கள்? சொல்தாவின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாத்தா எந்தக் கடலைத் தாண்டினார் என்று தெரியும்? 1783-ல் மடிந்தவர்களின் பெயரை இனி நம்மால் மீட்க முடியாது. நேற்று வாழ்ந்தவர்களின் சொல்லையாவது மீட்கலாம். வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கங்களை அதற்கென்று ஒதுக்கி, பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். செலவு ஒரு பென்சில்தான்.